முதல் கிளாஸை நீட்டுவது யார் கை? வடசென்னைத் தெருக்களில் சிறுவர்களைக் குடியிலிருந்து காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். மாலை மூன்று மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. பந்தலுக்கு வெளியே மேளச் செட்டு அடிக்கிறார்கள், பசங்கள் ஆடுகிறார்கள். ஒன்பதாவது படிக்கிற ஒரு பையன் பூக்கூடையோடு ஓரமாக நின்றிருந்தான். இறந்தவர் அவனுக்குத் தாத்தா முறை. காலையிலிருந்து சாப்பிடவில்லை, அழுது கண் வீங்கியிருந்தது. சந்துக்குள்ளிருந்து வந்த ஒரு அண்ணன் அவன் தோளில் கை போட்டு, "ஒரு வாய் ஊத்திக்கடா, மனசு ஆறும்" என்று பிளாஸ்டிக் டம்ளரை நீட்டினார். பிரியமாகத்தான் நீட்டினார். நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். சாவு வீட்டில் போய் என்னத்தைச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பையன் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு தெருவில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து இந்த வேலையில் இறங்கினோம். நிறையத் தப்பும் செய்தோம். வியாசர்பாடியோ, தண்டையார்பேட்டையோ, எண்ணூர் குப்பமோ, உங்கள் பகுதியில் இதைத் தொடங்க நினைத்தால் எங்கள் அனுபவம் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதினாலு, பதினைந்து வயதுப் பையன் தானே டாஸ்மாக் கவுன்ட்டரில் கை நீட்டி வாங்குவதை நாங்கள் அதிகம் பார்க்கவில்லை. பெரும்பாலும் அவனுக்கு வேண்டிய ஒருவர் வாங்கித் தருகிறார். ஏரியா அண்ணன், சித்தப்பா, டீமில் விளையாடும் சீனியர், சில வீடுகளில் அப்பாவே. ஆகவே பையனைத் துரத்தாதீர்கள். வாங்கித் தரும் கைகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: இரண்டு வாரம் வெறுமனே பாருங்கள்

கூட்டம், பேனர், உறுதிமொழி எதுவும் இப்போது வேண்டாம். முதல் இரண்டு வாரம் நடந்து பார்ப்பது மட்டும்தான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்கள் தெருக்களைக் கையால் வரைந்துகொள்ளுங்கள். ரயில்வே காம்பவுண்டு சுவரின் பின்பக்கம், பூட்டாத மொட்டை மாடி, குடிசை மாற்று வாரிய பிளாக்கின் கடைசிப் படிக்கட்டு, பள்ளிக்கூடத்துப் பின்சுவர், கடலோரத்தில் கல் கொட்டிய கரை என்று பசங்கள் ஒதுங்கும் இடத்தை எல்லாம் குறியுங்கள்.

திங்கட்கிழமை காலையில் போனால் நிறையத் தெரியும். காலி பாட்டில், நசுங்கிய டம்ளர், வாட்டர் பாக்கெட், ஊறுகாய்ப் பொட்டலம் எல்லாம் அப்படியே கிடக்கும். எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் மாவா பொட்டலமோ, கூல் லிப் டப்பாவோ (இரண்டும் புகையிலை), போதைக்குப் போடும் மாத்திரை அட்டையோ கிடந்தால் அதையும் எழுதுங்கள். இவை ஒன்றோடு ஒன்று சேர்ந்தே வருகின்றன. மாத்திரை அட்டை கிடைத்தால் அது வேறு அளவு ஆபத்து. உடனே படி 8-க்குப் போங்கள்.

எந்த நாள், எந்த நேரம் என்பது இடத்தைப் போலவே முக்கியம். சனிக்கிழமை மாலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்களுக்குத் தெரியாமல் இருந்தது ஞாயிற்றுக்கிழமை காலை. கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். ஆனால் 'பிளாக்'கில், அதாவது கள்ளத்தனமாக, விற்பவரிடம் காலை ஏழு மணிக்கே சரக்கு இருக்கும். அவர் வயது பார்ப்பதே இல்லை. காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், மே தினம் மாதிரி கடை மூடும் நாட்களிலும் இதே கதைதான். ஒரு பையன் அங்கே போய் வாங்கிவர அனுப்பப்படுகிறான், வாங்கி வந்ததற்குக் கூலியாக அவனுக்கும் ஒரு வாய் கிடைக்கிறது.

போட்டோ எடுக்காதீர்கள். எடுத்தாலும் பையன் முகம் அதில் இருக்கவே கூடாது. எங்கள் குழுவில் ஒருவர் நல்ல எண்ணத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ போட்டுவிட்டார். அதில் தெரிந்த பையன் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. அவன் அம்மா என்னிடம் இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை.

பிறகு சீட்டு எழுதச் சொல்லுங்கள். டியூஷன் சென்டரிலோ கேரம் கிளப்பிலோ பசங்களிடம் துண்டுக் காகிதம் கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம். இரண்டே கேள்வி: "உன் வயதில் யாராவது குடித்துப் பார்த்திருக்கிறார்களா? முதல் தடவை அது யாரிடமிருந்து கிடைத்தது?" தன்னைப் பற்றி எழுதச் சொன்னால் ஒருவனும் எழுத மாட்டான், நண்பனைப் பற்றி என்றால் எழுதுவான். மூடிய டப்பாவில் போடச் சொல்லி, நீங்கள் மட்டும் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். எங்களுக்கு வந்த சீட்டுகளில் ஒன்றில் "அவங்க அப்பா டம்ளர்ல மிச்சம் இருந்தது" என்று பென்சிலால் எழுதி, பிறகு அழிக்கப் பார்த்திருந்தார்கள். இதில் பெண் பிள்ளைகளையும் கேளுங்கள். தம்பியோ அண்ணனோ தொடங்கிவிட்டான் என்பது வீட்டில் முதலில் தெரிவது அக்கா தங்கைகளுக்குத்தான்.

படி 2: யாரைச் சேர்ப்பது

ஏழெட்டுப் பேர் போதும். கட்சிக் கொடியோடு வருகிறவரை வேண்டாம் என்று சொல்லுங்கள், எந்தக் கட்சியானாலும் சரி. மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து இரண்டு பேர், பால்காரரோ டீக்கடைக்காரரோ ஒருவர், ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர், ஃபுட்பால் அல்லது பாக்ஸிங் சொல்லித் தரும் மாஸ்டர் ஒருவர், சாவுக்கு அடிக்கும் செட்டின் தலைவர் ஒருவர். கோயில் கமிட்டி, சர்ச் இளைஞர் குழு, பள்ளிவாசல் ஜமாஅத் மூன்றிலும் ஆளுக்கு ஒருவரிடம் முதல் நாளே தகவல் சொல்லிவிடுங்கள். பின்னால் பிரச்சினை வரும்போது அவர்கள் பேச்சுக்கு ஒரு எடை உண்டு.

குடியை விட்டவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு, இன்னும் குடிக்கிற ஒருவரும் இருக்க வேண்டும். இதைக் கேட்டு எங்கள் குழுவிலேயே சண்டை வந்தது. ஆனால் இந்த வேலையில் அவர்தான் பெரிய பலம். "நான் குடிக்கிறேன், அதை மறைக்கல. ஆனா நம்ம ஏரியால பசங்க கையில கிளாஸ் கொடுக்கிறவனை நான் சும்மா விட மாட்டேன்" என்று அவர் சொன்னால், குடிக்கிற மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். நாம் சொன்னால் 'ஒழுக்கம் பேச வந்துட்டாங்க' என்று நகர்ந்துவிடுவார்கள். மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தை இந்தக் குழுவுக்குள் கொண்டுவராதீர்கள். அதைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும், எனக்கும் இருக்கிறது. பையன் குடிக்கக் கூடாது என்பதில் மட்டும் குடிக்கிறவர், குடிக்காதவர் இருவருக்கும் ஒரே கருத்துதான்.

படி 3: சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியது

இதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. கடை நேரம் பகல் 12 முதல் இரவு 10 வரை. மாநகராட்சி எல்லைக்குள் பள்ளிக்கூடத்திலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் 50 மீட்டருக்குள் மதுக்கடை வைக்கக் கூடாது. இது 2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதி.

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 77ஆவது பிரிவுதான் நமக்கு முக்கியமானது. டாக்டர் சொல்லாமல் 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ யார் கொடுத்தாலும் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். விற்றவருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், 'கொடுத்தாலே' குற்றம். 78ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: பிள்ளையை வைத்து மதுவை விற்கவோ, எடுத்துவரவோ, கொண்டுபோய்க் கொடுக்கவோ செய்தாலும் அதே 7 ஆண்டு. "டேய், போய் ஒரு குவாட்டர் வாங்கிட்டு வா" என்று அனுப்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இந்தச் சட்டத்தில் குடித்த பையன் குற்றவாளி கிடையாது, கொடுத்தவர்தான் குற்றவாளி. இதைப் பசங்களுக்கும் சொல்லிவையுங்கள். போலீஸ் பிடித்துவிடும் என்று பயந்து மயங்கிக் கிடக்கும் நண்பனை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். அந்த பயம்தான் உயிரைக் குடிக்கிறது.

படி 4: கைகளிடம் பேசுவது

கூட்டம் போட்டுப் பேசினால் யாரும் தன்னைச் சொன்னதாக நினைக்க மாட்டார்கள். ஒவ்வொருவராக, தனியாக, அவர் குடிக்காமல் இருக்கும் நேரத்தில் பேசுங்கள். மூத்த பெண்கள் பேசினால் வேலை சுலபம். எங்கள் குழுவில் மீன் விற்கிற அக்கா ஒருவர் ஏரியா அண்ணன் ஒருவரிடம் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"தம்பி, உன் மேல பசங்களுக்கு எவ்ளோ பிரியம் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"நீ சொன்னா கேப்பானுங்க இல்ல?"

"கேப்பானுங்க."

"அப்ப நீ ஊத்திக் கொடுத்தாலும் குடிப்பானுங்க இல்ல?"

அவர் பதில் சொல்லவில்லை. அக்காவும் மேலே பேசவில்லை, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பத்து நாள் கழித்து அந்தத் தம்பியே எங்களிடம் வந்தார். திட்டியிருந்தால் வந்திருக்கவே மாட்டார். அவர் வந்த பிறகுதான் அவருடைய கதை தெரிந்தது, அவருக்கு முதல் கிளாஸ் கிடைத்தது பன்னிரண்டு வயதில்.

கடை மேற்பார்வையாளரிடமும் போங்கள். கடை திறந்தவுடன், கூட்டம் சேர்வதற்கு முன், இரண்டு பேராக, மரியாதையாக. "சின்னப் பசங்களா தெரிஞ்சா ஆதார் கேளுங்க சார், உங்களுக்குத் தொல்லை வந்தா நாங்க வந்து நிக்கிறோம்" என்று சொல்லுங்கள். கவுன்ட்டருக்குள் இருப்பவரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்தான். வயது கேட்டதற்காக அடி வாங்கக்கூடிய இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். கடைக்குப் பக்கத்தில் டம்ளரும் வாட்டர் பாக்கெட்டும் விற்கிற பெட்டிக்கடை அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். எந்தப் பையன் எத்தனை டம்ளர் வாங்குகிறான் என்பது அவருக்குத் தெரியும்.

பேசியும் நடக்கவில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள். கடை எண், தேதி, நேரம் மூன்றும் இருக்கட்டும். டாஸ்மாக் சென்னை வடக்கு மாவட்ட மேலாளருக்கு ஒரு மனு; ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் இருக்கும் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு. நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். கள்ளத்தனமாக விற்பவரைப் பற்றி மதுவிலக்குப் பிரிவின் 10581 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். மனுவில் தனி ஒருவர் பெயர் மட்டும் இருக்க வேண்டாம், இருபது பேராவது கையெழுத்துப் போடுங்கள். பிளாக்கில் விற்பவரை நேரில் போய்த் தட்டிக்கேட்கும் வீரம் வேண்டவே வேண்டாம். அவர் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

படி 5: சாவு வீடு, கல்யாண வீடு, திருவிழா

எந்த அரசுத் திட்டமும் இந்த இடத்துக்குள் வராது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் சாவு என்றால் தெருவே கூடும். பூ, செட்டு, ஆட்டம், வெடி, மூலக்கொத்தளத்துக்கோ ஓட்டேரிக்கோ நீளும் ஊர்வலம். அது இறந்தவருக்குச் செய்யும் மரியாதை, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சேதி வந்த அரை மணி நேரத்துக்குள் செலவுப் பணம் யார் கையில் என்று முடிவாகும். அந்தக் கைதான் நமக்கு முக்கியம். சரக்குக்கு என்று தனியாகப் பணம் ஒதுக்குவார்கள். அதை நிறுத்தச் சொல்லி அந்த நேரத்தில் சண்டை போட முடியாது. "மாமா, பசங்க பக்கம் ஒண்ணும் போகாம நாங்க பாத்துக்கறோம், நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று கேளுங்கள். பந்தல் கட்டும்போதே கேட்டுவிடுங்கள். எடுக்கும் நேரத்தில் போய்க் கேட்டால் அவரே நிலையில் இருக்க மாட்டார்.

அடுத்தது, பசங்களுக்குப் பசிக்காமல் பார்ப்பது. துக்க வீட்டில் அடுப்பு எரியாது. காலையிலிருந்து வெறும் வயிற்றோடு ஆடுகிற பையனிடம் டம்ளர் வந்தால் வாங்கிவிடுவான். நாங்கள் இப்போது பக்கத்து வீட்டில் பெரிய பாத்திரத்தில் தக்காளி சாதமோ உப்புமாவோ செய்து பதினோரு மணிக்குள் பசங்களை உட்காரவைத்துப் போட்டுவிடுகிறோம். ஒரு கேன் மோர், ஒரு கேன் தண்ணீர். இவ்வளவு சின்ன ஏற்பாடு இத்தனை வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாவது, ஆளுக்கொரு வேலை கொடுப்பது. ஒருவன் பூ தூவ, இரண்டு பேர் போகும் வழியில் வண்டிகளை ஒதுக்க, ஒருவன் வயதானவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க, ஒருவன் செட்டு அடிப்பவர்கள் கூடவே நடக்க. இவர்கள் எல்லோரும் ஒரு பெரியவர் கண் பார்வையில் இருக்க வேண்டும், அவரை 'பசங்க பொறுப்பு' என்று அழைக்கிறோம். அன்று முழுவதும் அவர் குடிக்கக் கூடாது. ஊர்வலம் முடிந்து திரும்பும்போதுதான் ஆபத்து அதிகம். சுடுகாட்டு வாசலில் பெரியவர்கள் கலைந்துபோக, மிச்ச பாட்டிலோடு நாலு பேர் நிற்பார்கள். பசங்களை ஒன்றாக அழைத்து வந்து வீட்டில் குளிக்கவைத்த பிறகுதான் அவர் வேலை முடிந்தது.

கல்யாண ரிசப்ஷனில் மண்டபத்துக்குள் ஒன்றும் நடக்காது, வண்டி நிறுத்தும் இடத்தில் காரின் டிக்கி திறக்கும். மாப்பிள்ளையின் நண்பர்களிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆடி மாதக் கூழ் ஊற்றுதலிலும், காசிமேட்டுக்குப் பிள்ளையார் கரைக்கப் போகும் ஊர்வலத்திலும் கமிட்டி வசூல் பணத்திலிருந்து ஒரு பைசா சரக்குக்குப் போகக் கூடாது என்று கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். லாரியில் ஏறும் பசங்களின் பெயரையும் எழுதி வையுங்கள்.

படி 6: வீட்டுக்குள்

பெற்றோரிடம் பேசும்போது கணக்காகச் சொல்லுங்கள். ஒரு குவாட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். அதாவது 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு 'டிரிங்க்' என்று கணக்கிடுவது 10 கிராம். ஆக, இரண்டு பேர் பிரித்து ஆளுக்கு ஒரு 'கட்டிங்' என்று சாதாரணமாகச் சொல்வது மூன்று டிரிங்க். நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள பையன் அதை ஒரே மடக்கில் குடிக்கிறான். "பீர்தானே" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் நாலு டிரிங்க் இருக்கிறது.

மூளை முழுதாக வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயது ஆகிறது. அமெரிக்காவில் 1997இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். 'எப்படியும் ஒருநாள் குடிக்கத்தான் போறான்' என்று விட்டுவிடும் அப்பாக்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். ஆறு வருடம் தள்ளிப்போனாலே அவன் வாழ்க்கை வேறாகலாம்.

வீட்டில் பாட்டில் இருந்தால் பூட்டி வைக்க வேண்டும். பையனைக் கடைக்கு அனுப்பக் கூடாது. டம்ளரைக் கழுவச் சொல்லக் கூடாது. வாடை வந்த அன்று இரவே அடித்து விசாரிக்கக் கூடாது. போதையில் இருப்பவனிடம் பேசி ஒரு பயனும் இல்லை. மறுநாள் சாப்பாடு போட்டுவிட்டு, "எங்க குடிச்ச, யார் கொடுத்தா, உடம்பு என்ன பண்ணிச்சு" என்று கேளுங்கள். இதில் 'யார் கொடுத்தா' என்பதற்குப் பதில் வர நாலைந்து தடவை பேச வேண்டியிருக்கும்.

ஐஸ்லாந்து நாட்டில் செய்ததைப் பெற்றோர் கூட்டத்தில் நான் எப்போதும் சொல்வேன். அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில், முந்தைய ஒரு மாதத்துக்குள் போதை ஏறும் அளவு குடித்தவர்கள் 1998இல் 42 சதவீதம். 2016இல் அது 5 சதவீதமாக இறங்கிவிட்டது. அவர்கள் செய்தது: ஒரு வகுப்புப் பெற்றோர் எல்லோரும் சேர்ந்து ஒரே கட்டுப்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள், இரவில் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்பதைக் கடைப்பிடித்தார்கள், விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு நகராட்சியே பணம் கொடுத்தது, வார இறுதி இரவில் பெற்றோர்கள் குழுவாகத் தெருவில் நடந்தார்கள். கடைசியில் சொன்னது நமக்கு அப்படியே பொருந்தும். சனிக்கிழமை இரவு எட்டரை முதல் பத்து வரை நாலு அம்மாக்கள் பேசிக்கொண்டே அந்த மொட்டை மாடிப் படிக்கட்டு வழியாக ஒரு நடை போய்வந்தால் போதும். யாரையும் பிடிக்க வேண்டாம், "சாப்ட்டியாடா?" என்று கேட்டுவிட்டு நகரலாம். வீட்டுக்கு வீடு கட்டுப்பாடு வேறாக இருந்தால் "அவங்க வீட்ல மட்டும் விடறாங்க" என்ற வாதத்துக்கு முடிவே இருக்காது. ஒரே பிளாக்கில் பத்து வீடு சேர்ந்து ஒரு நேரத்தை முடிவு செய்தால் அந்த வாதம் தானாக அடங்கும்.

படி 7: நாலு மணி முதல் எட்டு மணி வரை

வடசென்னைக்கு விளையாட்டைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வியாசர்பாடி ஃபுட்பால், தெருவுக்குத் தெரு கேரம், தலைமுறை தலைமுறையாகக் குத்துச்சண்டை. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரில் கேரம் அடித்துப் பழகிய காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். பசங்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னால் கண் விரியும்.

ஆனால் கிளப் இருந்தால் குடி இருக்காது என்று நம்பிவிடாதீர்கள். நான் அப்படி நம்பி ஏமாந்தேன். மேட்ச் ஜெயித்த இரவு சீனியர்கள் பீர் வாங்கி, அதே கோப்பையில் ஊற்றி, பதினைந்து வயது கோல்கீப்பரைக் குடிக்கவைத்தார்கள். அவனுக்கு அது கௌரவம். ஆகவே மாஸ்டரிடம் ஒரு விதி எழுதி வாங்குங்கள்: ஜூனியர் இருக்கும் இடத்தில் சரக்கு வந்தால், வாங்கி வந்த சீனியருக்கு அடுத்த மூன்று மேட்ச் கிடையாது. ஜூனியருக்குத் தண்டனை வேண்டாம். ஜெயித்த இரவுக்கு பிரியாணியோ பரோட்டாவோ குழுவே ஏற்பாடு செய்யட்டும்.

மைதானத்தில் விளக்கு எரியாவிட்டால் ஆறரை மணிக்குப் பந்தை மூட்டை கட்டிவிட்டு அதே இருட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பகுதி சபைக் கூட்டத்தில் கவுன்சிலரிடம் நேரில் கேளுங்கள். போலீஸ் நடத்தும் சிறுவர் சிறுமியர் மன்றம் உங்கள் பக்கத்தில் இருந்தால் அதையும் போய்ப் பாருங்கள். பள்ளியில் மேலாண்மைக் குழுவும் போதைப் பொருள் எதிர்ப்பு மன்றமும் இருக்கும். பொதுத்தேர்வு முடியும் கடைசி நாளில் பள்ளி வாசலில் பெற்றோர் நாலு பேர் நிற்க ஏற்பாடு செய்யச் சொன்னால் அதுவே போதும்.

படி 8: குடித்துவிட்ட பையனைக் கையாள்வது

உயிர் சம்பந்தப்பட்டது முதலில். கூப்பிட்டால் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது, உதடு நீலமாகிறது, வலிப்பு வருகிறது என்றால் உடனே 108. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாந்தி எடுத்தாலும் மூச்சுக்குழாயில் போகாது. மோர், எலுமிச்சைச் சாறு, காபி எதையும் வாயில் ஊற்றாதீர்கள். விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள், தலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 'தூங்கட்டும், தெளிஞ்சிடும்' என்று தனியாக விட்டுவிடவே கூடாது. குடித்து முடித்த பிறகும் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டேதான் இருக்கும். மாத்திரையும் போட்டிருக்கிறான் என்று தெரிந்தால் அட்டையை ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.

அடிக்கடி குடிக்கிறான் என்றால் வீட்டுப் பஞ்சாயத்து போதாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு நமக்குப் பக்கம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. போனில் மனநல ஆலோசனைக்கு 14416, போதைப் பழக்கத்துக்கென்றே 14446. வீட்டிலேயே பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை, அப்பாவே ஊற்றிக் கொடுக்கிறார் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

'மறுவாழ்வு மையம்' என்று போர்டு போட்டிருக்கும் இடத்தில் எல்லாம் பிள்ளையைக் கொண்டுபோய் விடாதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி அந்த மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைப் பெரியவர்களோடு ஒரே அறையில் வைக்கக் கூடாது. சேர்த்திருக்கும் நாள் முழுவதும் பெற்றோரோ அவர் நியமித்தவரோ கூடவே இருக்க வேண்டும். "ஒரு மாசம் பாக்க வராதீங்க" என்று யாராவது சொன்னால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

படி 9: வருஷம் முழுக்க

திங்கட்கிழமை பாட்டில் எண்ணுவதை விடாதீர்கள், மாதம் ஒருமுறையாவது. ஒரு இடத்தில் குறைந்தால் வேறு எங்கே போயிற்று என்று தேடுங்கள். எங்கள் தெருவில் ரயில்வே சுவர் ஓரம் சுத்தமானது கண்டு சந்தோஷப்பட்டோம், இரண்டு தெரு தள்ளி ஒரு பாழடைந்த குடோனில் அதே டம்ளர்கள் கிடந்தன. அன்றைக்கே அந்தத் தெரு ஆட்களிடம் போய்ப் பேசினோம். காலண்டரில் சில நாட்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள்: பொதுத்தேர்வு முடியும் நாள், ரிசல்ட் நாள், ஆடி ஞாயிறுகள், பிள்ளையார் கரைக்கும் நாள், தீபாவளிக்கு முந்தைய இரவு, டிசம்பர் 31.

டிசம்பர் 31க்கு நாங்கள் செய்வது இது. மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடிக் கதவுகளைப் பூட்டி, சாவியை பிளாக்குக்கு ஒரு அம்மாவிடம் கொடுத்துவிடுவோம். தெரு முனையில் டியூப்லைட் கட்டி நாலு கேரம் போர்டு, இரவு ஒன்பது மணிக்குப் போட்டி தொடக்கம். ஃபைனல் பன்னிரண்டரைக்குத்தான், வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறோம். கேக், சுக்கு காபி, ஆளுக்கொரு முட்டை பப்ஸ். நடுவராக இருப்பவர் படி 4-இல் மீன் அக்காவிடம் பதில் சொல்லாமல் நின்ற அதே தம்பி. போன வருடம் ஃபைனலில் தோற்ற பையனைத் தேடி, பின்பக்கச் சந்துக்குள் அவரே டார்ச் அடித்துக்கொண்டு போனார். பையன் சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டு, "வாடா, காபி ஆறிடும்" என்று அழைத்து வந்தார்.